ஒரு விரல் கயிறு

அந்தச் சரிவில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். கடுக்காய் காண்ட்ராக்டர் தனசேகரன். அவருடைய லாரி டிரைவர் இருசப்பன். தீக்காயத்துக்காக இடது கையில் முழங்கைவரை துணி சுற்றியிருந்தான். கூடாரம் கட்டி, காவல் காத்து, சோறு பொங்கும் காசிநாதன். நான்காவது ஆள் நைனார்பாளையத்துச் சின்னக்கண்ணு. அவனை மட்டும் மரத்தில் கட்டியிருந்தார்கள்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். கீழே ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். தனசேகரனின் லாரி கடுக்காய் மூட்டைகளோடு அங்கே எரிந்து போயிருந்தது. வெள்ளிமலைக்கு மேற்கே கூடாரம் போட்டிருந்தவர், பஸ்ஸும் ஜீப்பும் இல்லாமல் மேலேயே மாட்டிக்கொண்டார். போலீசுக்குப் பயந்து மலையேறிய சின்னக்கண்ணு, குடிக்கத் தண்ணீர் கேட்டு அந்தக் கூடாரத்துக்குத்தான் வந்தான். காசிநாதன் சொம்பை நீட்டினான். அவன் குடித்து முடிப்பதற்குள், மறியலில் பார்த்த ஆள் என்று இருசப்பன் அடையாளம் கண்டுகொண்டான்.

கூடாரம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. கனத்த கித்தான், பருத்திக் கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டு ஓட்டை போட்ட ஒரு சின்ன மரக்கட்டை. கட்டையை மேலே தள்ளினால் கயிறு விறைக்கும், கீழே தள்ளினால் தளரும். இழுவை இருக்கிறவரை தானாக நழுவாது. மழை வந்தால் காசிநாதனின் முதல் வேலை, சுற்றி ஓடி எல்லாக் கட்டையையும் ஒரு விரல் கீழே இறக்குவது. நனைந்த பருத்திக் கயிறு சுருங்கும். அப்படியே விட்டால் முளையைப் பிடுங்கும், இல்லையென்றால் துணியைக் கிழிக்கும்.

தனசேகரன் அதில் ஒரு கயிற்றைக் கழற்றி, வேங்கை மரத்தோடு சேர்த்துச் சின்னக்கண்ணுவின் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"லாரிய கொளுத்துனது யாரு?"

"தெரியாதுண்ணே. நான் மரம் மட்டுந்தான் வெட்னேன்."

"மரம்னா அவ்ளோ ஆசையாடா? நல்லா சாஞ்சிக்கினு நில்லு."

கட்டையை மேலே தள்ளினார்.

கிறீச்.

இருசப்பன் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து முழங்காலில் போட்டான். காய்ந்த விறகு முறிவது போலக் கேட்டது. கால் மடங்கியும் சின்னக்கண்ணுவால் கீழே விழ முடியவில்லை. கழுத்து தாங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கூடாரத்துக்குள் போனார்கள். முதல் தூறலிலேயே காசிநாதன் ஓடிக் கயிறுகளைத் தளர்த்தினான். கடைசியில் வேங்கை மரத்தருகே வந்து நின்றான்.

"அண்ணே," என்றான் சின்னக்கண்ணு. குரல் காற்றாகத்தான் வந்தது. "ஒரு வெரலு வுடுண்ணே."

காசிநாதன் கட்டையில் கை வைத்தான்.

"டேய் காசி," உள்ளேயிருந்து தனசேகரன் சொன்னார், சத்தம் போடாமல். "அதுல கைய வெச்சின்னா அடுத்த மரம் உனுக்கு."

காசிநாதன் கையை எடுத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனான். மழை ஓங்கிப் பெய்தது.

மழை விட்டபோது கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. அது சதைக்குள் போயிருந்தது. நாக்கு கறுத்து, கண்கள் பிதுங்கி, மழைத் தண்ணீர் வாயில் தேங்கி நின்றது.

"மழ செஞ்ச வேல," என்றார் தனசேகரன். "நம்ம கையில இன்னா கீது?"

பிணத்தைப் பள்ளத்தில் உருட்டினார்கள். அது பாறைகளில் மோதிக்கொண்டு வெகுதூரம் போனது.

இருசப்பன் கயிற்றையும் வீசப்போனான்.

"யோவ், நல்ல கயிறுய்யா. காசி, கழுவி எட்த்த எடத்துலயே கட்டு."

காசிநாதன் கழுவினான். நூலுக்குள் ஏறிய சிவப்பு போகவில்லை. கட்டினான்.

மலையில் பனி இறங்கி, பக்கத்து மரம்கூட மறைந்தது. உள்ளே இரண்டு பேரும் பீடி பற்றவைத்தார்கள். ஈரக் கித்தான் நாற்றத்தோடு வேறொரு வாடையும் வந்தது. வெட்டிய புளியமரத்தின் பச்சை வாடை.

அங்கே புளியமரமே கிடையாது.

கிறீச்.

காசிநாதன் வெளியே வந்து பார்த்தான். அந்தக் கயிறு நரம்பு போல விறைத்து நின்றது. மழை இல்லை. காற்றும் இல்லை. கட்டையை ஒரு விரல் கீழே இறக்கினான்.

அது அவன் கட்டைவிரலை நெம்பிக்கொண்டு மேலே ஏறியது.

அடுத்த கயிற்றில் ஒரு கிறீச். அதற்கடுத்ததில் ஒன்று. யாரோ நொண்டி நொண்டிக் கூடாரத்தைச் சுற்றி வருவது போல, ஒவ்வொன்றாக.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?" உள்ளேயிருந்து இருசப்பன் கத்தினான். "துணி கிழியப் போவுது."

நடுக்கம்பு முறிந்தது.

முளைகள் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. கித்தான் அவர்கள் மேல் விழுந்தது. கயிறுகள் அதைச் சுற்றிச் சுற்றி வளைத்தன. உள்ளே கைகளும் முகங்களும் துணியை முட்டின. காசிநாதன் கத்தியால் ஒரு கயிற்றை அறுக்கப் பார்த்தான், அலகுதான் ஒடிந்தது. எல்லாக் கட்டைகளும் ஒரே சமயத்தில் ஏறின.

மூட்டை சிறுத்தது.

"காசி," என்றார் தனசேகரன். "வுடுடா. கொஞ்சம் வுடுடா."

மேலும் சிறுத்தது. உள்ளே எலும்புகள் நொறுங்கின. கித்தானின் தையல் வழியாக ரத்தம் பிதுங்கி ஒழுகியது. இரண்டு ஆள் கிடந்த அந்த மூட்டை கடைசியில் ஒரு கடுக்காய் மூட்டை அளவுக்கு வந்து நின்றது.

காசிநாதன் ஓடினான். ரோட்டில் கிடந்த மரங்களுக்கு அடியில் ஊர்ந்தான். வழியில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் கிறீச்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அடிவாரத்து அவுட்போஸ்ட்டில் போய் விழுந்தான். தங்கமணி என்ற வயதான போலீஸ்காரர் மட்டும் இருந்தார்.

"என்ன உள்ள போடுங்கய்யா. கயிறே இல்லாத எடமா பாத்துப் போடுங்க."

"மறியல்ல புடிக்கப் போனா ஓட்றானுங்க. நீ தானா வர்ற. இன்னா பண்ண?"

"ஒருத்தன் செத்துட்டான். நான் பாத்துக்கினே இருந்தேன்."

தங்கமணி சாவியை எடுத்தார். காசிநாதன் துண்டை அவிழ்த்து எறிந்தான். செருப்பின் வாரைக்கூட விட்டுவைக்கவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டப் போனபோதுதான் கை அதில் பட்டது. இடுப்பில் அரைஞாண் கயிறு. ஊறிப்போயிருந்தது.

"அய்யா, இத அறுத்துடுங்க."

"வெளக்கு வெச்ச நேரத்துல இன்னா பேச்சு பேசற? அது செத்தவனுக்கு அறுக்கறதுடா. காலைல பாத்துக்கலாம், போ."

உள்ளே தள்ளினார். கம்பிக்கதவு இல்லை, இரும்புத் தகடு அடித்த பழைய கதவு. இருட்டு அறையில் புளியமரத்தின் பச்சை வாடை நிறைந்திருந்தது.

கிறீச்.

காசிநாதன் இடுப்புக்கும் கயிற்றுக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. திரும்பினான்.

"அய்யா," என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஒரு வெரலு..."

தங்கமணி கதவைச் சாத்திப் பூட்டினார்.