நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும்

நாற்பத்தேழாம் தூண் தன் பிறப்பு வளர்ப்பைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. நாச்சியார் உசாவி என்ற கைக்கருவியை அதன் மேல் வைத்ததும், ஜல்லி எந்தக் குவாரி, சிமெண்ட் எந்த ஆலை, கலவை லாரியை ஓட்டியவர் யார், ஊற்றியது எந்தத் தேதி என்று திரையில் வரிசையாக வந்தது. கடைசியில் ஒரு பச்சைப் புள்ளி. தாங்குதிறன் முப்பத்திரண்டு, சோதிக்கப்பட்டது, நன்று.

“பொய் சொல்லுது மேடம்,” என்றார் அந்தோணிராஜ்.

முத்தரையூர் தாய்சேய் மருத்துவமனையின் இருநூற்றுப் பன்னிரண்டு தூண்களுக்கும் கம்பி கட்டியது அவருடைய ஆட்கள்தான். இன்னும் பத்து நாளில் திறப்பு விழா. திறக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வந்திருந்த அரசுக் கட்டட ஆய்வாளர் நாச்சியார்.

“அன்னைக்கு நல்ல மழை. கலவை லாரி பாலத்துக்கிட்ட மூணு மணி நேரம் நின்னுட்டு. இறுகிப்போன கலவையில தண்ணிய ஊத்திக் கிண்டி அடிச்சானுவ. வேண்டாம்னு சொன்னேன். கம்பி கட்டுதவன் பேச்ச எவன் கேக்கான்?”

“கட்டுவலையில சொல்லியிருக்கலாமே?”

“அதுல எனக்குப் பேரு உண்டு மேடம். வாய் கிடையாது.”

கட்டுவலை வருவதற்கு முன்னால் கட்டுமானத் தொழில் எப்படி இருந்தது என்பதை இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். வரைபடம் ஒருவர் கணினிப் பெட்டியில், கணக்கீடு இன்னொருவர் பெட்டியில், வாங்கிய பொருளின் பட்டியல் மூன்றாமவர் பெட்டியில். ஒருவர் பெட்டியின் மொழி அடுத்தவர் பெட்டிக்குப் புரியாது. சுவரைக் கட்டி முடித்தபின், குழாய் போக வழியில்லையே என்று இடிப்பார்கள். கட்டுவலை அதற்கு முடிவு கட்டியது. ஒவ்வொரு செங்கல்லுக்கும் உத்தரத்துக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரைப் பற்றி யார் எங்கே என்ன சொன்னாலும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். ஒரு ஜன்னலை இரண்டடி நகர்த்தினால் மின்பணியாளருக்கும் தீயணைப்புத் துறைக்கும் அந்த நிமிடமே தெரியும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. சொன்னதை வைத்துச் சொல்லாததை ஊகித்துக்கொள்ளும் மூளையும் அதற்கு உண்டு. சொல்கிறவன் யோக்கியனா என்று பார்க்கிற மூளைதான் இல்லை.

நாச்சியார் அந்தப் பச்சைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று இணைப்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாள். போன இடத்தில் ‘ஒன்றெனல்’ என்றொரு இணைப்பு இருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால், இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று வலைக்குச் சொல்ல ஏற்பட்ட வசதி அது. நாற்பத்தேழாம் தூணும் சோதனைக்காக வார்த்த ஒரு கான்கிரீட் க்யூபும் ஒன்று என்று அங்கே சொல்லியிருந்தது. நாற்பத்தெட்டாம் தூணும் அதே க்யூப். இருநூற்றுப் பன்னிரண்டும் அதே க்யூப். அது மட்டுமா, மருத்துவமனையைக் கட்டிய கம்பெனி இதுவரை எழுப்பிய அறுபத்து மூன்று கட்டடங்களின் தூண்கள் எல்லாம் அந்த ஒரே க்யூப்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு வெயில் நாளில் சொந்தக் கல்யாணத்துக்குப் பாயசம் வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்துக் கலந்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு நசுக்கிய ஒரு கையளவுக் கல். அதற்குப்பிறகு ஒருவரும் ஒன்றையும் சோதிக்கவில்லை.

நாச்சியார் உடனே கம்பெனியின் திட்ட மேலாளர் சுதர்சனைக் கூப்பிட்டாள். அவன் சட்டை கசங்காமல் வந்து நின்றான்.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் மேடம். நம்ம பெரியவங்க சொன்னதுதானே.”

“ஒரே பானையில வெந்த சோத்துக்குச் சொன்னாங்க. நீங்க ஊர் ஊருக்கு வேற வேற நாள்ல உலை வச்சிருக்கீங்க. அந்த இணைப்பை எடுங்க.”

“வலையில ஒரு கூற்றைச் சொன்னவங்கதான் அதைத் திரும்ப வாங்கமுடியும், சட்டம் அப்படி. வாங்கினா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாங்கமாட்டோம்.” மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாச்சியார் துளைப்பொறியைக் கொண்டுவந்து நாற்பத்தேழில் உருளைத் துண்டு ஒன்றை அறுத்து எடுத்தாள். வெளியே நின்ற வண்டியிலேயே அதை நசுக்கிப் பார்த்தாள். முப்பது தாங்கவேண்டியது பதினொன்றில் பொடிந்தது. எண்ணை வலையில் ஏற்றினாள்.

வலை ஊகித்தது. நாற்பத்தேழு கெட்டது. நாற்பத்தேழும் க்யூபும் ஒன்று. க்யூபும் மற்ற எல்லாத் தூண்களும் ஒன்று. எட்டே முக்காலுக்கு மாநிலம் முழுக்க அறுபத்து மூன்று கட்டடங்களின் வாசல் நிலைவிளக்குகள் சிவந்தன. சிவந்தால் மணி அடிக்கும், மின்தூக்கி நிற்கும், எல்லோரும் வெளியேறவேண்டும். கம்பெனி முதலாளி தன் சொந்தத் தலைமையகத்தின் பதினாலு மாடியையும் நடந்தே இறங்கினார் என்று கேள்விப்பட்டபோது நாச்சியார் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சுதர்சனின் ஆட்கள் வந்து பக்கத்து நாற்பத்தெட்டைத் துளைத்தார்கள்.

“அது நல்ல பில்லர். வெயில்ல ஊத்துனது,” என்றார் அந்தோணிராஜ்.

முப்பத்து மூன்று வந்தது. ஏற்றினார்கள். ஒன்றான பொருளுக்கு இரண்டு அளவு இருந்தால் புதியதே செல்லும் என்பது வலையின் விதி. அறுபத்து மூன்றும் பச்சையாயின. நாற்பத்தேழும் பச்சையானது.

நாச்சியார் துறைச் செயலரிடம் போனில் கத்தினாள். செயலர் பொறுமையாகக் கேட்டார். “அம்மா, தூண் பச்சைன்னு தானே சொல்லுது. நீங்க இல்லைங்கறீங்க. நான் எதை நம்பட்டும்?” குறித்த நாளில் அமைச்சர் ரிப்பன் வெட்டினார். தரைத்தளத்தில் நாற்பத்தேழையும் நாற்பத்தெட்டையும் ஒட்டியே பிரசவ வார்டு. நாற்பது கட்டில். முதல் நாளே நிறைந்துவிட்டது.

ஆய்வாளர் எந்தக் கட்டடத்தையும் எப்போதும் சோதிக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. அதை மட்டும் மாற்ற மறந்திருந்தார்கள். திறந்த மறுநாள் காலை எட்டுக்கு அவள் நாற்பத்தேழை மறுபடி துளைத்தாள். சிவப்பு. பன்னிரண்டுக்கு அவர்கள் நாற்பத்தெட்டைத் துளைத்தார்கள். பச்சை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

முதல் நாள் தாய்மார்கள் குழந்தைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். மூன்றாம் நாள் பாயும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஆறாம் நாள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பத்தாம் நாள் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மணிச் சத்தத்தில் குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று புகார் எழுதினார்கள். நாச்சியார் மேல்தான். கம்பெனி மேல் ஒரு வரிகூட இல்லை.

“மேடம், துளைச்சுத் துளைச்சு அந்தப் பில்லரை நீங்களே தின்னுருவிய போலிருக்கு,” என்றார் அந்தோணிராஜ்.

அவளுக்குத் தெரியாமலா? நாற்பத்தேழைச் சுற்றி இரும்பு முட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். நாற்பத்தெட்டுக்கு யாரும் முட்டுக் கொடுக்கவில்லை. அதுதான் நல்ல தூண் ஆயிற்றே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான். சுதர்சனின் ஆட்கள் இரண்டாவது வாரத்தில் எங்கே துளைக்கிறோம் என்றே பார்க்கவில்லை. தினக்கடமை, முடித்துவிட்டு டீ குடிக்கப் போகவேண்டும்.

பத்தொன்பதாம் நாள் நண்பகலில் நாற்பத்தெட்டிலிருந்து துளைப்பொறி உருளையை வெளியே கொண்டுவரவில்லை. கிரீச்சென்று கம்பியை அறுத்தது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு, விரலை விடுகிற அகலத்தில் ஒரு விரிசல் மேலேறியது. தூண் முனகியது. துளைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் பொறியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

நாச்சியார் உசாவியை எடுத்து, நாற்பத்தெட்டு விரிசல், உடனே வெளியேறவும் என்று ஏற்றினாள். ஒன்றும் மாறவில்லை. காலை எட்டிலிருந்து விளக்கு சிவப்பாகத்தான் இருந்தது. சிவப்புக்கு மேல் சிவப்பு வலையில் கிடையாது.

வார்டுக்குள் ஓடினாள். “எல்லாரும் வெளிய வாங்க. கட்டடம் விழப்போகுது. இது நிஜம்.”

நாற்பது கட்டிலில் ஒன்றுகூட அசையவில்லை. சுவரோரக் கட்டிலில், முந்தாநாள் ஆண் குழந்தை பெற்ற தனுஷியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “பன்னெண்டரைக்குப் பச்சை ஆயிரும்லா மேடம்? இப்பதான் பால் குடிச்சுத் தூங்குதான்.”

அவள்மேல் கோபப்பட நாச்சியாருக்கு என்ன யோக்கியதை இருந்தது? சிவப்பு என்றால் ஒன்றுமில்லை என்று தினமும் எட்டு மணிக்கு வந்து இவர்களுக்குப் பாடம் நடத்தியது அவளேதான். மேலே சுண்ணாம்பு உதிர்ந்து கட்டிலில் விழுந்தது.

நாச்சியார் குனிந்தாள். தொட்டிலிலிருந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

“ஏ, பிள்ளைய தூக்கிட்டுப் போறா, பிடிங்க!”

தனுஷியாவின் அந்த ஒரு கூச்சலுக்கு வார்டே எழுந்தது. தையல் போட்டவர்கள், நேற்றுப் பெற்றவர்கள், கூட இருந்த மாமியார்கள், ஆயாக்கள் எல்லோரும் தத்தம் பிள்ளையை இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடிவந்தார்கள். முற்றத்தின் நடுவில் வேப்பமரத்தடியில் காவலாளிகள் அவளைப் பிடித்தார்கள். யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். முதுகில் குத்தினார்கள். அவள் குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தாய்மார்களின் தலைகளை எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. எல்லோரும் வெளியே. அடி வலிக்கவே இல்லை.

தனுஷியா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அப்போது மணி நின்றது.

முந்நூறு மைல் தள்ளி, வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ கட்டடத்தில், சுதர்சன் இன்னொரு நல்ல தூணைத் துளைத்திருந்தான். அதுவும் இதுவும் ஒன்றுதானே. வாசலுக்கு மேல் நிலைவிளக்கு பளிச்சென்று பச்சையானது.

“உள்ள போவாதிய, பில்லர் பிளந்து கிடக்கு, என் கண்ணால பாத்தேன்,” என்று அந்தோணிராஜ் வாசலை மறித்துக் கையை விரித்து நின்றார்.

“பச்சை வந்துட்டு, பாருங்க அண்ணாச்சி,” என்றாள் தனுஷியா. குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, குனிந்து, அவர் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.