கவலைக்கேற்ற சம்பளம்

பொறுப்புமானி நடைமுறைக்கு வந்த முதல் மாதமே, கரிசல்பட்டி விமான நிலைய மேலாளர் சண்முகவடிவு தலைநகர் விமான நிலைய மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கினாள்.

அதுவரை ஊரைப் பார்த்துத்தான் சம்பளம். பெருநகர மேலாளருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் சிற்றூர் மேலாளருக்கு. அதே படிப்பு, அதே தேர்வு, விமானம் தரையைத் தொடும்போது அதே படபடப்பு. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு விமான நிலைய ஆணையம் இறங்கி வந்தது. இனி ஊரை அளக்க வேண்டாம், பொறுப்பை அளப்போம் என்றது.

பொறுப்புமானி என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் நகமளவு தகடு. இதயத் துடிப்பு, வியர்வையின் உப்பு, உறக்கத்தின் ஆழம் எல்லாவற்றையும் படித்து, ஒருவர் தன் வேலையை எவ்வளவு சுமக்கிறார் என்று கணக்கிடும்; சம்பளம் அந்தக் கணக்குப்படி. நடித்து ஏமாற்ற முடியாது. உண்மையாகவே கவலைப்பட வேண்டும்.

வடிவுக்குக் கவலைக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு பொறியாளர், ஓடுபாதைக்கு இருபுறமும் புதர்க்காடு. புதரெல்லாம் மயில்கள்.

அன்று மாலையே தலைநகரிலிருந்து ஜெபராஜ் அழைத்தார். நாகர்கோவில்காரர். அவளுக்கு மூத்தவர், பயிற்சிக் காலத்தில் வேலை சொல்லிக்கொடுத்தவர்.

"என்ன வடிவு, என்னையவிட ஜாஸ்தி வாங்குதியாம்லா?"

"நீங்க கவலைப்படுததே இல்லையே அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"எனக்குக் கீழ அம்பது அதிகாரி இருக்கான். நான் நல்லா ஒறங்குதேன். அதுக்குச் சம்பளத்த வெட்டிட்டான் பாத்துக்கோ!"

இருவரும் சிரித்தார்கள். அந்த வாரமே வடிவு பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினாள். பத்து வருடமாகக் கணவரும் அவளும் பேசிக்கொண்டே இருந்த வீடு.

அடுத்த மாதம் மயில்விரட்டி வந்து சேர்ந்தது. ஓடுபாதையோரம் தானே உருண்டு திரிந்து, பறவைகளுக்கு மட்டும் கேட்கும் ஒலியை எழுப்பும் இயந்திரம். அதற்காக இரண்டு வருடமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தவளே வடிவுதான். பொறியாளர் இசக்கியப்பன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னைக்கே பிரிச்சிரலாமா மேடம்? அரை நாள் வேலதான்."

வடிவு பெட்டியைப் பார்த்தாள். அவள் கவலையில் பாதி மயில்களால் வருவது. மயில் போனால் கவலை போகும். கவலை போனால் வீட்டுத் தவணையை எங்கிருந்து கட்டுவது? இப்படி யோசித்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"அடுத்த மாசம் பாப்போம். இப்ப வேற வேல கெடக்கு."

இசக்கியப்பன் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

மூன்றாம் வாரம், காலை விமானம் இறங்கும் நேரத்தில் ஓர் ஆண்மயில் புதரிலிருந்து எழும்பி நேராக இடது இயந்திரத்துக்குள் போயிற்று. வடிவு கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிக் கரிசல் மண்ணில் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இருந்த ஒரு வண்டியை வைத்துத் தீயை அணைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. விமானி நாச்சியார் என்ற இளம்பெண்ணுக்கு வலது கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது. இனி விமானம் ஓட்டுவது சந்தேகம் என்றார் மருத்துவர்.

பயணிகள் கிளம்பிப் போனதும் வடிவு தானே கத்தியெடுத்துப் பெட்டியைக் கிழித்தாள். இசக்கியப்பன் கூடவே வேலை செய்தார். சாயங்காலம் ஓடுபாதையில் ஒரு மயில்கூட இல்லை.

விசாரணைக்கு ஜெபராஜையே அனுப்பினார்கள். எதிரே உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "பெட்டி ஏன் மூணு வாரம் பிரிக்காமக் கெடந்துச்சு?"

"பிரிச்சா எனக்குக் கவலை கொறஞ்சிரும் அண்ணாச்சி. சம்பளமும் கொறஞ்சிரும்." அவள் தலை நிமிரவில்லை. "அப்படியே எழுதிக்கோங்க."

ஜெபராஜ் அப்படியே எழுதினார். கவலைக்குக் கூலி கொடுத்தால் யாரும் கவலையைத் தீர்க்கமாட்டார்கள், மானியை உடனே நிறுத்த வேண்டும் என்றும் அறிக்கையில் சேர்த்தார்.

அந்த மாதம் நாட்டிலேயே மிக அதிகச் சம்பளம் வடிவுக்கு வந்தது. உறங்காத இரவுகளை மானி ஒன்றுவிடாமல் எண்ணியிருந்தது. அது பொறுப்பா குற்ற உணர்ச்சியா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. திருப்பித் தருகிறேன் என்றாள். அளவு சரியாகவே இருக்கிறது, திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. முழுவதையும் நாச்சியாரின் சிகிச்சைக்கு அனுப்பினாள். தகட்டைப் பிய்த்தெடுத்து, பழைய ஊர்ச் சம்பளமே போதும் என்று எழுதிக்கொடுத்தாள். வீடு கைவிட்டுப் போயிற்று. கணவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இரண்டு மாதமாகியும் அறிக்கை மீது நடவடிக்கை இல்லை. வடிவு ஜெபராஜை அழைத்தாள்.

"ஆணையத்துல இன்னும் யாரும் படிக்கலியா?"

"விபத்துக்கப்புறம் உறுப்பினர் அத்தன பேருக்கும் மானி ஒட்டிட்டாங்க வடிவு. இப்ப ஒவ்வொருத்தருக்கும் நல்ல சம்பளம். நான் எழுதுன அறிக்கைய எடுத்துத் தீர்த்துட்டா அவங்களுக்கு நிம்மதி வந்துரும்லா?"

வடிவுக்குச் சமீபத்தில் கேள்விப்பட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. "அண்ணாச்சி, ராத்திரிப் பணிக்கு இருந்த ரெண்டு அதிகாரிய நீங்க வேற எடத்துக்கு மாத்திட்டீங்களாமே?"

"ஆமா. இப்பத்தான் எனக்கும் ஒறக்கம் போயி சம்பளம் ஏறுது."

"அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

"கூப்பிடணும்... கூப்பிடணும்." ஜெபராஜின் குரல் இறங்கியது. "மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் வடிவு. அது முடியட்டும்."