யார் கத்துகிறார்கள், பார்ப்போம்

அந்த வீட்டுக் கணினி விழித்து எழுவதற்குள் அப்பா காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடுவார். ஒருநாள் அவருடைய பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் பழைய சாமான் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

நோண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வரைந்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

நோண்டி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கடிகாரமோ குழாயோ, கண்ணில் பட்டதைத் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கணினியை மட்டும் விட்டுவைப்பாளா?

அது எங்கே நேரத்தை வீணாக்குகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். மற்ற வேலைகளைச் சட்டென்று முடித்துவிட்டு, நெட்வொர்க்கில் இணையும்போது மட்டும் திருதிருவென்று விழித்தது. அந்த அமைப்பைத் திறந்தாள். உள்ளே எத்தனையோ சின்னச் சின்னப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். பெரிய அலுவலகங்களுக்கானவை சில, என்றோ வழக்கொழிந்த இணைப்புகளுக்கானவை சில.

“இவங்க எல்லாம் நம்ம வீட்ல என்ன பண்றாங்க?” என்று அண்ணனிடம் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை.

டிக்கை எடுத்தால் அந்தப் பகுதி சும்மா இருக்கும். ‘நீக்கு’ பொத்தானை அழுத்தினால் ஒரேயடியாகப் போய்விடும். நோண்டி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் ஒரு டிக்கை எடுப்பது. யாராவது கத்தினால் திரும்பப் போடுவது. மறுநாள் வரை யாரும் கத்தாவிட்டால் நீக்கிவிடுவது.

முதல் டிக்கை எடுத்ததுமே இன்டர்நெட் போச்சு என்று அப்பா கத்தினார். அது திரும்ப வந்தது. அடுத்த இரண்டுக்கும் மூச்சுப் பேச்சில்லை. இரண்டையும் நீக்கினாள். கணினி இப்போது காபி ஆறுவதற்குள் எழுந்துகொண்டது. அப்பா புருவத்தை உயர்த்தினார்.

பிறகு, கோப்புகளை வேறு கருவிகளோடு பகிரும் பகுதி. வீட்டில் இருப்பதே ஒரு கணினி, இது எதற்கு? டிக்கை எடுத்தாள். அன்று யாரும் கத்தவில்லை. மறுநாள் மாலை ‘நீக்கு’ மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள். வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. என்ன குறைகிறது?

மாடியில் எந்நேரமும் ஒலிக்கும் பாட்டு கேட்கவில்லை.

போன மாதம்தான் அத்தை அந்த மாடி அறைக்குக் குடிவந்திருந்தார். காலில் முள் குத்தினால்கூட வாயைத் திறக்காத ஆள். நோண்டி படியேறி ஓடினாள். அத்தை சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியை மடியில் வைத்து, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, பாட்டு வரலையா?”

“நேத்துலேர்ந்து வரலைம்மா.”

“அந்தப் பாட்டெல்லாம் எங்கேர்ந்து வருது?”

“கீழே இருக்கிற கம்ப்யூட்டர்லேர்ந்துதான். உங்க அப்பா போட்டுக் கொடுத்தான்.”

“அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

அத்தை துடைப்பதை நிறுத்தினார். “நான் வந்து உங்களுக்கெல்லாம் இடைஞ்சலா இருக்கேனோ, அதான் நிறுத்திட்டீங்களோன்னு நினைச்சேன்.”

நோண்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, டிக் எடுத்த கதை முழுவதையும் ஒப்பித்தாள். “நான்தான் அத்தை எடுத்தேன். யாராவது கத்துவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க கத்தணும், சரியா?”

“எனக்குக் கத்திப் பழக்கமில்லையே” என்று அத்தை சிரித்தார்.

நோண்டி கீழே ஓடி டிக்கைத் திரும்பப் போட்டாள். மாடியில் பாட்டு ஆரம்பித்தது. தேவையில்லாதவை போனதே போதும், கணினி சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. பழைய சாமான் கடைப் பேச்சை அப்பா அதோடு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து வீடே அதிரும்படி ஒரு குரல் வந்தது.

“நோண்டி, பாட்டு நின்னுடுச்சு!”

அப்பாவின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. “அக்காவா கத்தினாங்க?”

நோண்டி அன்று எதையும் தொடவே இல்லை. பெட்டியின் வயர்தான் கழன்றிருக்க வேண்டும். ஆனாலும் அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, வாயெல்லாம் பல்லாகப் படியேறி ஓடினாள்.