வாயைத் திறந்தால் மார்க்!

பேராசிரியர் மேடையில் குப்புற விழுந்தார். வகுப்பில் முப்பது கைகள் உயர்ந்தன.

உதவிக்கு அல்ல.

பதில் சொல்ல!

மார்க்கெட்டிங் உத்திப் பாடம். எம்.பி.ஏ. கடைசி வருடம். வகுப்பில் எழுந்து பேசுகிறவர்களுக்குத்தான் பாதி மார்க். பேராசிரியரோ ஏதாவது ஒரு நாடகம் போடாமல் பாடத்தை ஆரம்பிக்கவே மாட்டார். போன வாரம் தன் கைக்கடிகாரத்தைச் சுத்தியலால் உடைத்து, "இப்ப இதை எனக்கே வித்துக் காட்டுங்க!" என்றவர்.

இன்றைக்கு வாயில் நுரை.

"சார், செம ரியல்!" முதல் வரிசையிலிருந்து முந்திரிக்கொட்டை துள்ளி எழுந்தான். எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாய் நீட்டிக்கொள்வதால் வகுப்பே வைத்த பெயர். "நீங்க இப்ப ஒரு பழைய பிராண்ட். மார்க்கெட்ல விழுந்துட்டீங்க. தூக்கி நிறுத்தணும்னா..."

"எதுக்குத் தூக்கி நிறுத்தணும்? சாகற பிராண்டைச் சாக விட்டுடணும்!" என்றது இன்னொரு குரல்.

"ரெண்டு பேரும் தப்பு! வாடிக்கையாளரை முதல்ல வகை பிரிக்கணும்..."

பேராசிரியரின் கால் ஒரு முறை உதைத்தது.

"பாருங்க... சாரே நான் சொல்றதை ஆமோதிக்கறாரு!"

கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்போதுதான் கண் விழித்தாள். பாடத்தைக் கவனிக்காத ஒரே ஆள். ஆகவே, மேடையைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்தது.

"வீ...ல்!"

* * *

பெண் இன்ஸ்பெக்டரின் ஜீப் நிற்பதற்குள் கல்லூரியின் டீன் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். மடிப்புக் கலையாத கோட். மடிப்புக் கலையாத சோகம்.

"மேடம், யூனிஃபார்மோடதான் உள்ள வரணுமா? பசங்க போட்டோ எடுப்பாங்க. அடுத்த மாசம் ரேங்க் பட்டியல் வருது."

"உங்க வாத்தியார் ஆஸ்பத்திரில உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்காரு சார்."

"அய்யோ, அதான் மேடம் எனக்கும் கவலை! எங்க கல்லூரியோட முகமே அவர்தான். எது நடந்தாலும் பத்திரிகைக்கு நாங்க முதல்ல சொல்லணும். வேற யாரோ சொன்னா கதை கை மாறிடும்."

பின்னால் வந்த கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். "மேடம், இவர் அழுதாக்கூட நடுவுல விளம்பர இடைவேளை விடுவாரு போல."

போன் அலறியது.

டாக்டர்!

"இன்ஸ்பெக்டர், விஷம்தான். இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது. ஆனா இப்படிக் காட்டற விஷம் ரெண்டு மூணு இருக்கு. ஒண்ணுக்குக் குடுக்கற மாத்து மருந்து இன்னொண்ணுக்கு எமன்!"

"ரத்தப் பரிசோதனை?"

"முடிவு வர சாயங்காலம் ஆகும். அவர் மத்தியானம் தாண்டறதே கஷ்டம். உள்ள போனது என்னன்னு தெரிஞ்சாகணும். எப்படியாவது கண்டுபிடிங்க!"

இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் நுழைந்தாள். படிக்கட்டு போல ஏறும் இருக்கைகள். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் அட்டை. மேடையில் உருண்டு கிடந்த பேனா.

"காலைல சார் கிட்ட யாரெல்லாம் பேசினீங்க?"

ஒரு கையும் உயரவில்லை.

"அவர் என்ன சாப்பிட்டாரு, என்ன குடிச்சாரு... யாராவது பாத்தீங்களா?"

சற்றுமுன் ஒருவர் சாகக் கிடக்கும்போது பேச்சுப் போட்டி நடத்திய வாய்கள் இப்போது பூட்டிக் கிடந்தன.

"வக்கீல் வராம பேச மாட்டோம் மேடம்," என்றான் ஒரு கண்ணாடிக்காரன். "பேசறதுல எங்களுக்கு என்ன லாபம்?"

இன்ஸ்பெக்டருக்கு அறையலாம் போல வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் மெல்லச் சொன்னார். "இதுங்க மார்க் இல்லாம கொட்டாவி கூட விடாது மேடம்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினாள். இந்தக் கும்பலில் ஒருவன்தான் விஷம் வைத்தவன் என்றால், அவனுக்கும் இதே மார்க் பசிதானே!

"டீன் சார்... ஒரு உதவி. இந்த வகுப்பை நான் தொடர்ந்து நடத்தறேன். நல்ல பதிலுக்கு நான் சொல்ற மார்க்கை நீங்க குடுக்கணும்."

டீன் சிரித்தார். "நீங்களா? மார்க்கெட்டிங் உத்தியா? பதினோரு வருஷம் நான் எடுத்த பாடம் மேடம் இது! சரி... உங்க ஆசை. பின்னாடி நின்னு பாக்கறேன்."

இன்ஸ்பெக்டர் மேடை ஏறினாள்.

"கேள்வி இதுதான். பொருள்... விஷம். வாடிக்கையாளர்... உங்க சார். அது அவர் கிட்ட எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? பதில் சரியா இருந்தா முழு மார்க்!"

முப்பது கைகள்!

"தண்ணி பாட்டில் மேடம்!"

"மேசையில எல்லாருக்கும் ஒரே மாதிரி பாட்டில் இருக்கே. மாறிப் போயிருந்தா?"

"ஊசி! கூட்டத்துல லேசா உரசற மாதிரி..."

பின் சுவரோரம் யாரோ சலிப்பாக உச்சுக்கொட்டினார்கள்.

"பூங்கொத்து மேடம்! விஷத்தைத் தூவி, உணர்வுபூர்வமா டச் பண்ணி..."

மறுபடியும் அந்த உச்சுக்கொட்டல்! இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தாள். உயர்ந்து நின்ற கைகள் மறைத்தன.

"காபி!" முந்திரிக்கொட்டை மூச்சு வாங்கினான். "எல்லாரும் குடிக்கறது. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. மாஸ் மார்க்கெட் மேடம்!"

இருப்பதிலேயே மட்டமான பதில். இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே கை தட்டினாள்.

"பிரமாதம்! இதுக்குத்தான் முழு மார்க்!"

"என்னது?!"

குரல் பின்னாலிருந்து வெடித்தது.

டீன்!

"முழு மார்க்கா? இதுக்கா? மேடம், இது பாடத்துக்கே அவமானம்!" படிகளில் திடுதிடுவென்று இறங்கி வந்தார். "வாடிக்கையாளரைப் படிக்காம பொருளை அனுப்பறவன் முட்டாள்! அந்த ஆள் காபியைத் தொட்டு மூணு மாசம் ஆச்சு. வயித்துப் புண்!"

"அப்ப எப்படி சார்?" இன்ஸ்பெக்டர் ஒதுங்கி வழி விட்டாள். குரலில் தேன். "எனக்குப் புரியலையே... கொஞ்சம் போர்டுல போட்டுக் காட்டுங்களேன்."

டீன் மார்க்கர் பேனாவைப் பிடுங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போட்டே துருப்பிடித்த வாத்தியார், போர்டைப் பார்த்ததும் உலகத்தை மறந்தார்.

"முதல் கட்டம், பழக்கம்! வகுப்புக்கு முன்னாடி அவர் தொண்டை மாத்திரை போடாம வாயே திறக்க மாட்டாரு. ஒண்ணு இல்ல, அஞ்சாறு! பேசிக்கிட்டே கடிச்சு முழுங்குவாரு. அப்ப நாம போய் விக்கவே வேண்டாம். அவரே கையை விட்டு எடுத்துப்பாரு!"

மாணவர்கள் வேகமாகக் குறிப்பு எடுத்தார்கள்.

"ரெண்டாவது கட்டம், தோற்றம்! டப்பாவை மாத்தவே கூடாது. பழைய டப்பா, பழைய வெள்ளை நிறம். உள்ள இருக்கற பொருள் மட்டும் புதுசு!"

"அந்தப் பொருள் என்ன சார்?"

"மூணாவது கட்டம்! கடைல வாங்கினா ரசீது வரும், ஆள் அடையாளம் வரும். அதனால வீட்டுலயே இருக்கற சரக்கு. என் ஹார்ட்டுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த..."

கட்டத்துக்குள் மாத்திரையின் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

மார்க்கர் அந்தரத்தில் நின்றது.

டீனின் முகம் வெளுத்தது... நெற்றியில் வியர்வை ஊறியது...

இன்ஸ்பெக்டர் அதற்குள் போனைக் காதில் வைத்து, போர்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள். "ஆமா டாக்டர். அஞ்சாறு மாத்திரை. மாத்து மருந்து இருக்கா? ...ஏத்துங்க. உடனே!"

வகுப்பில் ஒரே ஒரு கை உயர்ந்தது.

"மேடம்..." முந்திரிக்கொட்டை. "அப்ப என் முழு மார்க்?"

* * *

ஜீப்பில் டீன் குமுறிக்கொண்டே வந்தார்.

"அடுத்த வாரம் போட்டிக் கல்லூரிக்குப் போறான் மேடம், அந்தத் துரோகி! நான் காசைக் கொட்டி வளத்த முகம்! போனான்னா எங்க ரேங்க் போச்சு. ஆனா வகுப்பெடுக்கும்போதே உயிரை விட்டான்னா... தியாகி! அவன் பேர்ல ஹால், அவன் பேர்ல விருது... அவன் எங்கேயும் போக முடியாது பாருங்க!"

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க சார்," என்றார் கான்ஸ்டபிள். "வாயை மூடற கட்டத்தை மட்டும் போட மறந்துட்டீங்க."

* * *

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் பேராசிரியர் தலையணையில் சாய்ந்திருந்தார். உயிர் வந்துவிட்டது. முகம்தான் செத்திருந்தது.

"கவலைப்படாதீங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "டீன் இனிமே வெளிய வர மாட்டாரு. உடம்பு தேறினதும் நிம்மதியா புதுக் கல்லூரில சேருங்க."

"எங்க சேர்றது?" பேராசிரியர் கையிலிருந்த போனைக் கட்டிலில் விட்டெறிந்தார். "இப்பதான் அவங்க பேசினாங்க. டீன் போர்டுல போட்ட பாடத்தைப் பசங்க வீடியோ எடுத்து விட்டுட்டாங்களாம். ஊரே பாக்குதாம். 'உங்களை விட அவருக்குத்தான் இப்ப பேர் ஜாஸ்தி, மன்னிச்சிடுங்க'ன்னு என் வேலையைக் கேன்சல் பண்ணி அவருக்கே குடுத்துட்டாங்க மேடம்!"

"என்ன சார் சொல்றீங்க? அவர் இருக்கறது ஜெயில்ல!"

"நானும் அதையேதான் கேட்டேன். அங்கேருந்தே ஆன்லைன்ல கிளாஸ் எடுக்க ஜெயிலர் கிட்ட அனுமதி கேட்டிருக்காங்களாம். உள்ள இருக்கற கைதிங்களையும் மாணவர்களாச் சேத்துக்கறாங்களாம்!"

கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தாராளமா எடுக்கட்டும் மேடம்... அங்கேதான் ஒருத்தனும் கிளாஸைக் கட் அடிக்க முடியாது!"