ஒரு சாண் பனியும் ஒரு கேம் ஷாஃப்டும்

சனிக்கோளின் நிலவான டைட்டனில் செவ்வாய்க்கிழமை என்றால் தகராறு நாள். சனங்கள் காலை டீயை முடித்துக்கொண்டு, மடியில் வறுகடலையோடு, மன்றத்தின் கண்ணாடி மாடத்தில் இடம் பிடித்துவிடுவார்கள். அன்று முதல் வழக்கு, கழிவுநீர்க் குழாய் யார் வீட்டுப் பக்கம் போவது என்பது. பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. தோற்றவரின் தாடையை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆளும் ஆளும் அடித்துக்கொள்ள அங்கே தடை. வழக்காடுகிறவர்கள் பொருதி என்ற இருபதடி இயந்திரத்துக்குள் உட்கார்ந்துதான் மோத வேண்டும். கீழே விழுந்து பத்து எண்ணுவதற்குள் எழாத பொருதி தோற்றது. ஆளில்லாத பொருதிகளையும் விட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் வலிக்காததால் வழக்குகள் பத்து மடங்காகிவிட்டன. அதனால் உள்ளே ஆள் கட்டாயம்.

இரண்டாவது வழக்கு பாவாயியுடையது. அவள் அப்பா நஞ்சப்பனுக்கும் பெரியப்பா மாரப்பனுக்கும் ஆளுக்கு நாலாயிரம் ஏக்கர் பனிநிலம். நடுவில் ஒரு சாண் அகலக் கீற்று இரண்டு பத்திரத்திலும் ஏறிவிட்டது. எதிரே நிற்கப்போவது பெரியப்பா மகன் ஆறுச்சாமி. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன். அவனைக் கொல்லாமல் ஜெயிக்க அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது: மல்லாக்கத் தள்ளி, பத்து எண்ணும்வரை முழு வேகத்தில் அமுக்கிப் பிடிப்பது. அதற்கு என்ஜின் தாங்க வேண்டும்.

அந்தக் குளிரில் மின்கலம் செத்துவிடும் என்பதால் பழைய பிஸ்டன் என்ஜின் அங்கே மறுபிறவி எடுத்திருந்தது. எரிவதற்கு மீத்தேன் காற்றிலேயே இருக்கிறது. சுமக்க வேண்டியது ஆக்சிஜன் மட்டும்.

முந்தின நாள் திங்கள் மதியம் அவள், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் மூக்கில் அசைவை அளக்கும் டயல் கேஜை ஊன்றி, ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளி இழுத்துப் பார்த்தாள். முள் ஒரு தலைமுடி கனத்துக்கு நகர்ந்தது. கச்சிதம். ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் தகட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் நுழைய அவ்வளவு இடம் வேண்டும். கூடினால் ஷாஃப்ட் அலைந்து பற்சக்கரத்தைத் தின்னும். குறைந்தால் சூட்டில் இரும்பும் இரும்பும் கவ்விக்கொள்ளும். தகட்டின் நடுவே உட்காரும் சின்ன வளையம்தான் அந்த இடத்தைத் தருவது. மூன்று வளையம் மாற்றி இந்த அளவுக்கு வந்திருந்தாள்.

பின்னால் நின்ற நஞ்சப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஆடுது புள்ள."

"ஆடோணுமுங்கப்பா. இடம் வுடலீன்னா சூட்டுல புடிச்சுக்கும்."

"நம்மூட்டுல எவனுக்கு எப்ப இடம் வுட்டிருக்கோம்?"

"அதாங்கப்பா நான் நாளைக்கு ஒத வாங்கப் போறேன்."

அவள் ஆக்சிஜன் தொட்டி எடுக்கப் போய்த் திரும்பியபோது பற்சக்கர மூடி போல்ட் முடுக்கித் தயாராக இருந்தது. "உனக்கு ஒரு வேலைய மிச்சம் பண்ணீட்டேன்" என்றார் அப்பா. விரல் நுனியெல்லாம் கருந்தூள். அவளுக்காக அவர் ஸ்பேனர் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அவள் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் களத்தில் மணி அடித்ததும் இரண்டு பொருதிகளும் முட்டின. அவள் சுத்தியல் ஆறுச்சாமியின் இடது கையைத் தோளோடு பிய்த்தது. டைட்டனில் எதுவும் அவசரப்பட்டு விழுவதில்லை. பிய்ந்த கை காற்றில் மெல்லப் புரண்டு போனது. அடுத்த அடியில் பொருதிக்குள் அவன் உட்கார்ந்திருந்த அறையின் அடிப்பக்கம் நசுங்கியது.

"மெதுவா அடி புள்ள," வானொலியில் அவன் முனகினான். "முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

"தள்ளறேன், எந்திரிக்காதீங்ணா."

"எங்கப்பன் பாத்துட்டு நிக்கறாரு. சும்மா படுத்தா கொன்னு போடுவாரு. நீ அமுக்கு, நான் முக்கறேன்."

அவனை மல்லாக்கச் சாய்த்து முழு வேகத்தில் அமுக்கினாள். மாடம் எண்ணத் தொடங்கியது. ஐந்து. ஆறு. ஏழு என்கிறபோது என்ஜின் ஊளையிட்டது. பற்சக்கரத்தின் பற்கள் சிதறி மூடியில் அறையும் சத்தம் கேட்டது. வால்வுகள் பிஸ்டனில் மோதி நொறுங்கின. பொருதி செத்தது.

முக்கிக்கொண்டிருந்த ஆறுச்சாமியின் வலது கை, தடை விலகிய வேகத்தில் துள்ளி எழுந்து அவள் அறையைப் பிளந்தது. உள்ளே குளிர் பாய்ந்தது. அவளுடைய இடது கை முழங்கைவரை கட்டையாக உறைந்து, கதவில் இடித்து, கண்ணாடிபோல் உடைந்தது. அவளுடைய பொருதி அவன்மேல் மெதுவாகக் கவிழ்ந்தது.

"ரெண்டும் எந்திரிக்கலை," என்றது நடுவர் எந்திரம். "முடிவில்லை. அடுத்த செவ்வாய்."

மருத்துவமனையில் கண் விழித்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, அந்த வளையத்தத் தேச்சீங்களா?"

"உப்புத்தாள்ல கொஞ்சமா. முள்ளு அசையறது நிக்கற வரைக்கும்." அவர் குரலில் குற்ற உணர்வே இல்லை. "ஒரு மசுரு இடத்தக்கூட எதுக்கு வெட்டியா வுடோணும்?"

பக்கத்துக் கட்டிலில் ஆறுச்சாமி சிரித்தான். சிரிப்பு வலித்தது. "அடுத்த வாரம் யாரு கையி, யாரு காலுங்க சித்தப்பா?"

நஞ்சப்பன் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த தரையைப் பார்த்தார். மகன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மாரப்பனும் அதே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்சம்மா, அவங்க கட்டில் நம்ம பக்கம் ஏறி நிக்குதுங்க," என்றார் நஞ்சப்பன்.

செவிலி எந்திரம் ஆச்சரியப்படவில்லை. கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய அளவு டேப்பை எடுத்து நீட்டியது. அங்கே எல்லா வார்டிலும் ஒன்று தொங்கும்.

டேப்பின் ஒரு முனையை நஞ்சப்பன் பிடித்தார். பதினோரு வருடமாகத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாத மாரப்பன், தானாகவே குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.