இறக்கிய கணக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் துக்கம் கேட்கக்கூட வாய் வலிக்கிறது. செத்தவன் வீட்டில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் குடியா முழுகிவிடும்? போனில் ஒரு கும்பிடு படத்தைத் தட்டிவிட்டு அவனவன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். மகனைப் புதைத்து ஒரு மழைக்காலம் முடியப் போகிறது, வாசற்படியை மிதித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று கிழவர் பொருமிக்கொண்டிருந்தார்.

"உலகமே அவரைத் தேடுது மாமா," என்று மகனின் அறையிலிருந்து மருமகள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

அவள் கணினி முன்னால் இருந்தாள். காலையில் வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. மகன் ஒரு மென்பொருள் எழுதி ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்திருந்தான். படுக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அது ராத்திரி முழுக்க மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும், கேட்டதைக் கணினியில் கோடாக வரைந்து காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதை எத்தனை பேர் தங்கள் போனில் இறக்கினார்கள் என்று திரையில் ஓர் எண் ஓடும். அவன் போன பிறகும் அது ஏறிக்கொண்டே இருந்தது. மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இறக்குனது? பேரைச் சொல்லு."

"பேரெல்லாம் தெரியாது மாமா. எண்ணிக்கைதான்."

"பேரில்லாத கூட்டம் என்ன கூட்டம்?" காலமெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர் அவர். "நானும்தான் இறக்கியிருக்கேன். எவன் தின்னான்னு எவன் கண்டான்?"

அவள் காதில் வாங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. அவள் அக்கா வந்து கூப்பிட்டபோதும், "இது ஏறிட்டிருக்கறப்ப நான் எப்படிக்கா எந்திரிச்சு வர்றது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். ஒன்று போயிற்று, இதுவும் போய்விடுமோ என்று கிழவருக்குப் பயம் வந்தது. கடைசியில் மகனோடு வேலை பார்த்த நெட்டைப் பையன், அவர் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறவன், அவனுக்குப் போன் போட்டார். "வந்து அந்தச் சனியனை நிறுத்தித் தொலைப்பா."

அவன் மாலை மழையில் நனைந்துகொண்டு வந்தான். வாசல் நிலைக்குக் குனிந்து உள்ளே நுழைந்தான்.

"இந்த எண்ணிக்கையை நம்பக்கூடாதும்மா," என்று மருமகளிடம் மெதுவாகச் சொன்னான். "இறக்குனவங்க எல்லாரும் பயன்படுத்துறவங்க இல்ல. பாதிக்கு மேல மிஷினுங்க தானா வந்து எடுத்துட்டுப் போறது. அதையெல்லாம் கழிச்சுப் பார்ப்போம்."

"கழிக்காதீங்க," என்றாள் அவள்.

அவன் கழித்தான். எண் சுருங்கியது. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் முகத்தில் ஒரு விளக்கு அணைவதைக் கிழவர் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே கூரைத் தகரத்தில் மழை விடாமல் பெய்தது, கணினிக்குள் இருந்த குட்டி விசிறி இரைந்தது, மேசைக்கு அடியில் ஒயர்களின் நிழல் வேர்போல் பின்னிக் கிடந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. இருந்தும் அறை முழுக்க ஈர மண் வாசனை.

எல்லாம் போக ஒரு சின்ன எண் மிஞ்சியது. அது மட்டும் கண் முன்னாலேயே ஏறியது.

"இது மனுஷங்கதானே?" என்றாள் மருமகள்.

"ஒரே போன்," என்றான் அவன். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"யாரு போனுடா?"

"அவனோடதுப்பா."

அந்தப் போனைப் பெட்டி மூடும் முன் மகனின் சட்டைப்பையில் வைத்தவரே கிழவர்தான். அது பக்கத்தில் இல்லாமல் பிள்ளை தூங்கமாட்டான் என்று வைத்தார். யாரும் தடுக்கவில்லை.

"எதுக்கு... திரும்பத் திரும்ப?"

"மூச்சுச் சத்தம் சுத்தமா இல்லேன்னா, ஆள் போயிட்டார்னு அதுக்கு நெனைக்கத் தெரியாதுப்பா. தனக்குத்தான் காது போச்சுன்னு நெனைச்சு, தன்னையே புதுசா இறக்கிப் போட்டுக்கும். அப்படி எழுதிட்டான். நாங்ககூடக் கிண்டல் பண்ணுவோம்." அவன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்தான். "ஆனா பேட்டரி ஒரு நாளைக்கு மேல தாங்காதுப்பா."

மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண் ஏறியது. மறுபடியும் ஏறியது. மண்ணுக்கு அடியில், இருட்டில், அந்தச் சின்னப் பொருள் ஒன்றும் கேட்காமல், தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, மறுபடி மறுபடி.

பிறகு நின்றது.

"நின்னுடுச்சு," என்றான் ஒட்டடைக்குச்சி. "பேட்டரி போயிருக்கும். அப்பாடா."

கிழவரும் பெருமூச்சு விட்டார்.

"இல்ல," என்றாள் மருமகள். "அதுக்குக் கேட்டுடுச்சு."

திரையின் மூலையில் ஒரு கோடு முளைத்திருந்தது. ஏறியது. இறங்கியது. தூங்குகிறவனின் மூச்சல்ல. வேக வேகமாக. எட்டாத காற்றுக்கு எட்டி எட்டி.

கிழவரின் உள்ளங்கையில் கயிறு அறுத்தது. அன்றைக்குக் குழிக்குள் இறக்கும்போது பெட்டிக்குள் பாரம் ஒரு பக்கமாகப் புரண்டது. எதிர்ப்பக்கத்துக்காரனைத்தான் திட்டினார். ஒழுங்கா புடிடா என்று. அவன் ஒழுங்காகத்தான் பிடித்திருந்தான்.

"மாமா." அவள் எழுந்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு எழுந்தாள். "மண்வெட்டி எங்க இருக்கு?"

"பைத்தியமாடி உனக்கு? டாக்டர் பார்த்தாரு. நான் பார்த்தேன். என் கையால இறக்குனேன்." திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். மிஷின் சொல்லுதாம், மிஷினு!"

செருப்பைத் தேடவில்லை. வெளியே வந்தார். மழை விட்டிருந்தது. பின்னால் அவள் கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. இடுகாட்டுப் பக்கம் போகும் தெருவை விட்டுவிட்டு எதிர்த்திசையில் நடந்தார்.

வெறுங்காலுக்கு அடியில் தரை அதிர்ந்தது. லேசாக. விட்டு விட்டு. உள்ளேயிருந்து பலகையைத் தட்டுவதுபோல.

"லாரி போகுது," என்றார் சத்தமாக.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தெருவில் எதுவும் இல்லை. தட்டல் நிற்கவில்லை. அவர் நம்பவில்லை. நடந்தார்.