சர்க்கரை போடாத கடல்பாசி

2026 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை காலை, ராமநாதபுரத்திலிருந்து திருப்பாலைக்குடிக்கு வந்த பேருந்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி நசுங்கியது. அதன்மேல் ஓர் அரிசி மூட்டை இருந்தது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் மாரிச்செல்வி. மண்டபம் பக்கத்தில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்பவர். பேருந்தை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது அவருக்கு இது தெரியாது.

ஆறாம் வகுப்பு அஸ்பியாவுக்கும் தெரியாது. அவளுக்கு அப்போது வேறு கவலை. வகுப்பே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் அறிவியல் ஆசிரியர் தர்மராஜ் ஒன்று சொல்லியிருந்தார். "நாளைக்கு ஆராய்ச்சி பண்ற அக்கா வாராங்க. ஆளுக்குக் கொஞ்சம் கடல்பாசி கொண்டு வாங்க."

அஸ்பியா வீட்டில் கடல்பாசி என்றால் ஒன்றே ஒன்றுதான். பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்ஸும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லை வில்லையாக வெட்டுவது. நோன்பு திறக்கும்போது அது இல்லாமல் இருக்காது. விருந்தாளி வருகிறார், பலகாரம் கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். உம்மா சாலிஹா மேலே முந்திரி வேறு பதித்துக் கொடுத்திருந்தார்.

மற்ற எல்லாரும் கரையில் ஒதுங்கிக் கிடந்த பச்சைப் பாசியையும் பழுப்புப் பாசியையும் அள்ளி வந்திருந்தார்கள். ஈரம் சொட்டியது. ஒரு கொத்துக்குள்ளிருந்து குட்டி நண்டு ஒன்று இறங்கி ஓடியது.

அஸ்பியாவின் டப்பாவை எட்டிப் பார்த்தவன் பாண்டீஸ்வரன்.

"ஏலே, இங்கன வந்து பாருங்கடா! அஸ்பியா வீட்டுக் கடல்ல முந்திரி முளைக்குதுடா!"

"மீனெல்லாம் ரோஸ்மில்க் குடிக்குமோ?" என்றான் இன்னொருவன்.

அஸ்பியா டப்பாவை மூடிப் பைக்குள் தள்ளினாள். காது சுட்டது. இன்றைக்கு முழுக்க வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

மாரிச்செல்வி உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் முதலில் கேட்டது பாசியை அல்ல.

"பாண்டீஸ்வரன் யாரு? கணவாய் எங்க?"

பாண்டி மேசைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தான். கடல் தண்ணீரில் மூன்று கணவாய் மீன்கள் கிடந்தன. அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

விஷயம் இதுதான். போன வாரம் பாண்டியின் அய்யா விடியுமுன் கரைக்கு வந்தபோது, படகில் கிடந்த கணவாய்கள் நீலமாக ஒளிர்ந்தன. அதைப் பார்த்த ஒருவர் "கடல்ல விஷம் கலந்திருச்சு" என்றார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதையே சொன்னது. அன்றிலிருந்து பாண்டியின் அய்யா கொண்டுவரும் கணவாயை யாரும் வாங்கவில்லை. தர்மராஜ் சார்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கும் ஒளிர்ந்துச்சா?" என்று கேட்டார் மாரிச்செல்வி.

"ஆமாக்கா. டார்ச் அடிச்ச மாதிரி. அது விஷமாக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு, அது கணவாய்த் தோல்ல வாழ்ற ஒரு கிருமி. தானா ஒளிவிடும். ஆனா தெரிஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னா பத்தாது. வளர்த்துப் பார்த்து, இன்ன கிருமின்னு உறுதியாச் சொல்லணும்."

அவர் பெட்டியைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே இருந்த வட்டத் தட்டுகள் ஒன்றுவிடாமல் நொறுங்கிக் கிடந்தன. தட்டுகளில் இருந்த ஏதோ ஒன்று துண்டு துண்டாகச் சிதறி, தெர்மோகோல் தூளோடு கலந்திருந்தது.

"இதுலதான் கிருமியை வளர்க்கணும்" என்றார் மெதுவாக.

"திரும்பப் போய் வேற எடுத்துட்டு வந்தா?" என்றார் தர்மராஜ்.

"போய் வர சாயங்காலம் ஆயிரும் சார். இந்த வெயில்ல கணவாய் அழுகிரும். அழுக வைக்கிற கிருமி பெருகி, ஒளிவிடுற கிருமியை அமுக்கிரும்."

"ஐஸ் போடுவோம்கா!" என்றான் பாண்டி.

"ஐஸ் உருகி நல்ல தண்ணி பட்டா, கடல் கிருமி வெடிச்சுச் செத்துரும்பா."

பாண்டி வாளியை நிழலுக்கு நகர்த்தினான்.

அஸ்பியா பெட்டியைப் பார்த்தாள். உடைந்த தட்டிலிருந்து ஒரு துண்டு மேசையில் விழுந்திருந்தது. வெளிறிய மஞ்சள் நிறம். மேசை ஆடும்போது அதுவும் ஆடியது. ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி.

இது அவளுக்குத் தெரியும்!

சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். சொல்லாவிட்டால்?

"அக்கா... அது கடல்பாசி மாதிரி இருக்கே?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஸ்பியா பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

மாரிச்செல்வி ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசாக ஆட்டினார். அவர் கண் விரிந்தது.

"அடியே! இதேதான்! நாங்க இதை அகர்னு சொல்லுவோம். பாசியிலிருந்துதான் எடுக்கிறாங்க. உலகத்துல எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் கிருமி வளர்றது இதுலதான்."

"அப்ப இதுலயே வளர்த்துருங்க!" என்றான் பாண்டி.

"பாலும் சர்க்கரையுமா இருக்கே. ஊருல உள்ள கிருமியெல்லாம் வந்து பந்தியில உக்காந்திரும். ஒளிவிடுற கிருமிக்கு இடமே இருக்காது."

அஸ்பியா எழுந்தே விட்டாள். "எங்க வீட்ல காஞ்ச கடல்பாசி கிடக்குக்கா. நோன்புக்கு வாங்கி வச்சது. ஒண்ணும் போடாம காய்ச்சலாம்!"

மத்தியான மணி அடித்ததும் தர்மராஜ் சாரிடம் சொல்லிவிட்டு, மாரிச்செல்வியும் அஸ்பியாவும் பாண்டியும் கணவாய் வாளியோடு அஸ்பியா வீட்டுக்கு ஓடினார்கள். பாண்டி மட்டும் வழியில் பிரிந்து, குடத்தோடு கடலுக்கு ஓடினான்.

சாலிஹா அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை இடுப்பில் வைத்தார்.

"கிருமியை விரட்டத்தான் நாள் பூரா தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறேன். என் டப்பாலயே வளர்க்கப் போறீங்களா?"

"உம்மா, இது லைட்டு எரியிற கிருமி உம்மா."

"கரண்டு பில்லு வராதுல்ல?"

மாரிச்செல்வி சிரித்துவிட்டார். "வராதுக்கா. ஆனா அதுக்குச் சாப்பாடு வேணும். மீன் அவிச்ச தண்ணி கிடைக்குமா?"

"மீன் ஆணம் காய்ச்சத்தானே வாங்கியிருக்கேன். தாறேன். மசாலா வேணாம்ல?"

"வேணவே வேணாம்."

பாண்டி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். கடல் தண்ணீர், மீன் அவித்த தண்ணீர், ஒரு பிடி காய்ந்த கடல்பாசி எல்லாம் பாத்திரத்தில் ஏறின. பாசி கரைந்து கொதித்தது. சாலிஹா பேச்சு வாக்கில் அலமாரியைத் திறந்தார். ஒரு கரண்டி நிறைய ஏதோ அள்ளினார்.

"உம்மா! சர்க்கரை!"

அஸ்பியா பாய்ந்து கையைப் பிடித்தாள். கரண்டி பாத்திரத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"கை தானாப் போவுதுடி" என்றார் சாலிஹா. "சர்க்கரை போடாம நான் காய்ச்சினதே இல்லையே."

ஆறு குட்டி எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றி, மூடியை லேசாக வைத்து, குக்கருக்குள் அடுக்கினார்கள். ஆறு விசில். ஏற்கெனவே இருக்கிற கிருமியெல்லாம் அதில் போய்விடும் என்றார் மாரிச்செல்வி. பிறகு ஆறட்டும் என்று மேடையில் வைத்தார்கள்.

காத்திருந்தபோது பாண்டி கேட்டான். "அக்கா, கிருமி எதுக்கு லைட்டுப் போடணும்?"

"அதுதான் பெரிய சண்டையே! சில பேரு சொல்றாங்க, வெளிச்சத்தைப் பார்த்து மீன் வந்து முழுங்கணும்னுதான் அது ஒளிவிடுதுன்னு. மீன் வயித்துக்குள்ள போனா நல்ல சாப்பாடு கிடைக்கும், தூரமாவும் போகலாம்."

"ஓசி பஸ்ஸு!" என்றாள் அஸ்பியா.

"ஆமா. வேற சில பேரு, அதெல்லாம் இல்ல, உடம்புக்குள்ள கூடுதலா இருக்கிற ஆக்ஸிஜனைச் செலவழிக்கத்தான், வெளிச்சம் சும்மா கூட வருதுங்கிறாங்க."

"யாரு சொல்றது சரி?"

"இன்னும் முடிவாகல. முடிவாயிருந்தா நான் ஏன் கணவாய் பின்னால அலையிறேன்?"

இந்த நேரத்தில் சாலிஹா ஒரு டப்பாவைத் திறந்து, உறைந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டார்.

"உம்மா!"

"நல்லா உறைஞ்சிருச்சு" என்றார் அவர் பெருமையாக.

மாரிச்செல்வி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அந்த டப்பாவை மட்டும் தனியே வைத்து, "இதுவும் இருக்கட்டும்" என்றார். பிறகு தன் பையிலிருந்த மெல்லிய கம்பியை அடுப்புத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கணவாய்த் தோலில் தொட்டு, கடல்பாசியின் மேல் மெல்லக் கோடு இழுத்தார். ஐந்தாவது டப்பாவுக்கு வந்ததும் கம்பியை அஸ்பியாவிடம் கொடுத்தார்.

"கிழிக்காம எழுது."

அஸ்பியா மூச்சை அடக்கிக்கொண்டு 'அ' எழுதினாள். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

வியாழக்கிழமை, பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை. ஜன்னலைச் சாக்கால் மூடி, கதவைச் சாத்தியதும் பகலே இருட்டாகிவிட்டது. வகுப்பு முழுக்க உள்ளே நெருக்கியடித்து நின்றது. மாரிச்செல்வி மறுபடி வந்திருந்தார்; டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு சாலிஹாவும் வந்திருந்தார்.

முதல் டப்பா திறந்தது. ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை.

"அக்கா, செத்துப்போச்சா?" என்றான் பாண்டி.

"கண்ணு இருட்டுக்குப் பழகணும். பொறு."

பொறுத்தார்கள். யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். பிறகு, இரண்டாவது டப்பாவில் ஒரு மெல்லிய நீலக்கோடு மிதந்து வந்தது. "ஆ!" என்று நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தன. மூன்றாவதும் நான்காவதும் எரிந்தன; முதலாவது மட்டும் இருட்டாகவே கிடந்தது. ஐந்தாவதை அஸ்பியாவே திறந்தாள்.

இருட்டுக்குள் 'அ' தனியாக நின்றது. நீலமாக, கொஞ்சம் கோணலாக.

"ஏலே, அஸ்பியா எழுத்துடா! எரியுதுடா!" என்று கத்தினான் பாண்டி. கத்திக்கொண்டே அவளை முன்னால் தள்ளி, மற்றவர்களுக்கு வழிவிட்டான்.

கதவைத் திறந்த பிறகு உம்மாவின் டப்பாவைப் பார்த்தார்கள். அதில் ஒளி இல்லை. விரல் பட்ட இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு குட்டித் தோட்டமே முளைத்திருந்தது.

"இது என் கையிலயா இருந்துச்சு?" என்றார் சாலிஹா. யாரும் பதில் சொல்வதற்குள் குழாயடிக்குப் போய்விட்டார்.

மாரிச்செல்வி ஒளிர்ந்த நான்கு டப்பாக்களையும் மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் போனார். மறு வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. கடலில் எப்போதும் இருக்கிற ஒளிரும் கிருமிதான் அது, விஷம் கலக்கவில்லை, மீனை உடனே ஐஸில் போட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. தர்மராஜ் அதை மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்.

அடுத்த நாள் காலை பாண்டியின் அய்யா கொண்டுவந்த கணவாய் எட்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்தது. சாலிஹா ஒரு கிலோ வாங்கினார்.